பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரிடம் கொடுத்தீர்கள்?

வரவேற்புரையே ஒரு நெடும்பயணமாய் நீண்டபோதும் முகம் சுளிக்காமல் வீற்றிருக்கும், இரயில் பயணிகள் நலச் சங்கத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களே! இந்தப் பழைய காத்திருப்பு மண்டபத்தின் சுவரெங்கும் காவல்துறை வரலாற்றைப் படங்களாய்த் தொங்கவிட்டு, எங்களை எங்கள் பாட்டன் பூட்டனோடு நேருக்கு நேர் நிற்க வைத்த கண்காட்சிக் குழுவினரே! முன்வரிசையில் முதுமையின் முழுப் பொலிவோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பையைத் தோளிலும் பயணச்சீட்டைப் பல்லிலும் பிடித்துக்கொண்டு, புறப்பட்ட வண்டியை எட்டிப் பிடிக்கும் ஆற்றல் பெற்ற அன்னையர் பெருமக்களே! ஒரு காதை எனக்கும் ஒரு காதை ஒலிபெருக்கி அறிவிப்புக்கும் கொடுத்தபடி விளிம்பில் அமர்ந்திருக்கும் அருமைப் பயணிகளே! ஓய்வு பெற்ற இரயில்வே காவல் ஆய்வாளராகிய என் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகுக.

உரையைத் தொடங்குமுன் ஒரு சிறு கேள்வி. அந்தத் தூணின் அடியில் ஒரு நீலப் பை தனியாக நிற்கிறதே, அது யாருடையது? நான் மேடை ஏறியதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் ஆளில்லை. கேட்பாரும் இல்லை. யாருடையது அம்மா அது? என்ன, செயலாளருடையதா? இந்த விழாவின் செயலாளருடையதா? "பயணத்தில் பொருளைப் பாதுகாப்போம்" என்று வாசலில் பதாகை கட்டினாரே, அவருடையதா? ஐயா, வாருங்கள். ஓடி வாருங்கள். எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் அங்கே வைத்தீர்கள்?

"இங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதானே மேடம்" என்கிறார்.

கேட்டீர்களா, பெரியோர்களே! கேட்டீர்களா, தாய்மார்களே! நான் காக்கிச் சட்டை போட்ட முதல் நாளிலிருந்து அதைக் கழற்றிவைத்த கடைசி நாள் வரை கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன வாக்கியம் இது. புகார் கொடுக்க வருகிற ஒவ்வொருவரும் இதைத்தான் சொல்வார்கள். பெட்டி போனவர் சொல்வார், சங்கிலி போனவர் சொல்வார், சான்றிதழ் போனவர் சொல்வார். நம்ம ஆளுங்கதானே! நம்ம ஆளுங்கதானே! திருடன் என்ன, நெற்றியில் 'நான் வேற ஆள்' என்று எழுதி ஒட்டிக்கொண்டா ஏறுவான்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்குச் சிரிப்பு வற்றிப் பல காலம் ஆகிறது.

வரலாறு பேசச் சொல்லி அழைத்தார்கள். பேசுகிறேன். இதோ என் இடப்பக்கச் சுவரில் முதல் படத்தைப் பாருங்கள். கையில் ஒரு கம்பு, இன்னொரு கையில் ஒரு விளக்கு, தெருமுனையில் ஒரு மனிதர். சீருடை இல்லை, சின்னம் இல்லை, சம்பள உயர்வும் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் பல ஊர்களில் ஒரு வழக்கம் இருந்தது. களவு போன பொருளைக் காவல்காரர் கண்டுபிடித்துத் தரவேண்டும். முடியவில்லையா? தன் கையிலிருந்து அவரே ஈடு கட்ட வேண்டும்!

அடடா, என்ன கைத்தட்டல்! என்ன ஆரவாரம்! நிறுத்துங்கள், நிறுத்துங்கள். அந்த வழக்கம் இன்றும் இருந்திருந்தால் நான் இந்த மேடையில் நின்றிருக்க மாட்டேன், உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கிக் கடன் அடைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காவல்காரர் ஈடு கட்டினார் என்றால், ஊர்க்காரர்கள் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கினார்கள். கதவைத் திறந்து போட்டுவிட்டு, வழியில் போனவரிடம் "கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கவில்லை!

அடுத்த படத்தில் கூட்டமாய்ப் போகும் பயணிகள். தனியே போக அஞ்சி, வணிகரும் யாத்திரிகரும் ஒன்று சேர்ந்து நடந்த காலம் அது. அந்தக் கூட்டத்தில் கள்ளனும் வந்து சேர்ந்துகொள்வான். எப்படிச் சேர்ந்தான்? வாளை உருவிக்கொண்டா? இல்லை. வணக்கம் சொல்லிக்கொண்டு. மூட்டையைத் தூக்க உதவிக்கொண்டு. நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு. அன்றைக்கும் அவன் ஆயுதம் அன்புதான், அன்னையரே, இன்றைக்கும் அன்புதான்!

அதன் பிறகு சீருடைக் காவல் வந்தது. வரிசையாய் மீசைகள், வரிசையாய்த் தொப்பிகள். அந்த மீசைகளின் அணிவகுப்பில் ஒரு பெண் முகத்தைத் தேடினேன், இல்லை. நாங்கள் வந்தது வெகு காலம் கழித்து. நான் வந்தபோதுகூட என் தலைக்குத் தொப்பி கிடையாது. ஆண்களுக்குத் தைத்த தொப்பி என் புருவத்தைத் தாண்டி மூக்கில் வந்து உட்காரும். "தொப்பிய தூக்கிப் பிடிச்சுக்கிட்டே திருடன துரத்தும்மா" என்றார் அன்றைய ஆய்வாளர். துரத்தினேன். பிடித்தேனா என்று கேட்கிறார் அந்த ஐயா. தொப்பியைப் பிடித்தேன்.

பிறகு இரயில் வந்தது. இரயிலோடு எல்லை வந்தது. இந்தப் பாலம் வரை உன் காவல், அந்தப் பாலத்துக்கு அப்பால் என் காவல் என்று தண்டவாளத்தைத் துண்டு துண்டாய் வெட்டிப் பங்கு போட்டார்கள். அந்தப் பங்கீட்டைக் காவலரை விட விரைவாக மனப்பாடம் செய்தவன் யார் தெரியுமா? திருடன்! ஒரு எல்லையில் எடுப்பான், மறு எல்லையில் இறங்குவான். இந்த நிலையத்தார் அந்த நிலையத்தைக் காட்டுவார்கள், அந்த நிலையத்தார் இந்த நிலையத்தைக் காட்டுவார்கள். நடுவில் பறிகொடுத்தவன் பந்தாய் உருள்வான். உங்கள் மேல் மட்டும் எனக்குக் கோபம் என்று நினைக்காதீர்கள். என் துறையின் மேலும் உண்டு. வஞ்சனை இல்லாமல் இரு பக்கமும் பங்கிட்டுத் தருகிறேன்.

அந்த இரண்டு கோபமும் ஒரே நாளில், ஒரே மேசையில், என் முன்னால் வந்து உட்கார்ந்த கதையை இப்போது சொல்லப் போகிறேன். கைபேசியைப் பையில் போடுங்கள். பையை மடியில் வையுங்கள். கேளுங்கள்.

நான் அப்போது ஒரு பெரிய சந்திப்பு நிலையத்தில் உதவி ஆய்வாளர். பிற்பகல் வேளை. மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை. வாசலில் ஒரு அண்ணனும் தங்கையும். அண்ணன் கையில் ஒரு கனத்த பெட்டி. கண்கள் சிவந்திருக்கின்றன. தங்கை இருபதுகளில் இருக்கும் பெண், ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மெல்லச் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். சின்ன வயதில் சாலை விபத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது. அன்றாடம் நடக்க ஒரு செயற்கைக் கால் போட்டிருந்தார்.

நிலைய எழுத்தர் தலை நிமிராமலே கேட்டார்.

"என்ன போச்சு?"

"பை சார்" என்றார் அண்ணன்.

"பைக்குள்ள?"

அண்ணன் தங்கையைப் பார்த்தார். தங்கை சொன்னார்: "கால் சார்."

எழுத்தர் நிமிர்ந்தார். "என்னம்மா?"

"கால். நான் ஓடற கால். நடக்கறதுக்கு இது. ஓடறதுக்கு வேற. வில்லு மாதிரி வளைஞ்சிருக்கும். நாளைக்குக் காலையில இந்த ஊர்ல எனக்குத் தேர்வு ஓட்டம் இருக்கு சார். ஜெயிச்சா நாட்டுக்காக ஓடலாம்."

பெரியோர்களே, அந்தக் காலைப் பற்றி ஒரு வார்த்தை. அது கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளும் செருப்பல்ல. அந்தப் பெண்ணின் காலின் எஞ்சிய பகுதிக்கு அச்சு எடுத்து, இழைத்து, மாற்றி, மறுபடி இழைத்து, தோல் உரிய உரிய ஓடிப் பார்த்து, அவருக்கென்றே பொருத்தியது. உலகத்தில் இன்னொருவருக்கு அது பொருந்தாது. உலகத்தில் இன்னொன்று அவருக்குப் பொருந்தாது.

"எப்படிப் போச்சு?" என்று நான் அண்ணனைக் கேட்டேன்.

"வழியில ஒரு ஸ்டேஷன்ல டீ வாங்க எறங்கினேன் மேடம். தங்கச்சி தூங்கிட்டிருந்தா. சும்மா விட்டுட்டுப் போகல, பக்கத்துல இருந்தவர்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். பையைக் கொஞ்சம் பாத்துக்குங்கன்னு."

"பாத்துக்கிட்டாரா?"

"திரும்பி வந்தா அவரும் இல்ல, பையும் இல்ல."

மின்விசிறியைப் பார்த்தேன். பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரிடம் கொடுத்தார்? எடுக்க வந்தவனிடமே கொடுத்தார்! அவன் கேட்கவில்லை, இவர் கொடுத்தார். அவன் பறிக்கவில்லை, இவர் ஒப்படைத்தார்!

"பையில என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

"கால்னு சொல்லல மேடம். தங்கச்சிக்குப் பிடிக்காது. 'வெளிநாட்டுச் சாமான், வெல கேட்டா மயக்கம் போட்டுருவீங்க'ன்னு மட்டும் சொன்னேன்."

"மட்டும்" என்றாரே, அந்த மட்டும்! தாய்மார்களே, இரயிலில் ஏறியவுடன் உங்கள் வீட்டு வரலாற்றை எதிர் இருக்கைக்கு எழுதிக் கொடுக்காமல் இருக்க முடியாதா? எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம், வீட்டில் யாரும் இல்லை, சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது, நகை இந்தப் பையில், பயணச்சீட்டு அந்தப் பையில். திருடன் காது கொடுத்தால் போதும், கைவேலை பாதி முடிந்தது!

"அந்த ஆள் எப்படி இருந்தார்?"

"நல்ல மனுஷன் மாதிரி இருந்தாரு மேடம்."

"கறுப்பா, சிவப்பா? குட்டையா, நெட்டையா?"

"அதெல்லாம் பாக்கல. ரொம்ப மரியாதையா பேசினாரு."

அப்போதுதான் அண்ணனின் கைப்பெட்டி என் கண்ணில் பட்டது. அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சின் காலோடு அதைச் சங்கிலி போட்டுப் பிணைத்திருந்தார். எங்கே? காவல் நிலையத்துக்குள்!

"இதை ஏன் பூட்டி வச்சிருக்கீங்க?"

"பழக்கம் மேடம். ரயில்லயும் பூட்டித்தான் வச்சிருந்தேன்."

"என்ன இருக்கு இதுல?"

அவர் குரல் இறங்கிவிட்டது. "பூட்டுங்க."

"என்ன?"

"பூட்டு மேடம். நான் பூட்டு வியாபாரம் பண்றேன். கடைக்காரங்களுக்குக் காட்ற சாம்பிள் பூட்டு."

சிரிக்காதீர்கள். தயவுசெய்து சிரிக்காதீர்கள். ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிறவர். பூட்டுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டவர். தங்கையின் காலைத் திறந்த இருக்கையில் போட்டுவிட்டுத் தேநீர் வாங்கப் போனவர். அவர் முட்டாளா? இல்லை. தங்கைக்காகத் தொழிலைக்கூட இரண்டாம்பட்சமாக்கி ஊர் ஊராய் உடன் அலைகிறவர். பிறகு ஏன்? பெட்டியைப் பூட்டும்போது அது அவருக்கு வேலை. தங்கையோடு போகும்போது அது அவருக்குப் பயணம். பயணம் என்று வந்துவிட்டால் நம் புத்தி கால் நீட்டிப் படுத்துக்கொள்கிறது!

அண்ணன் அழத் தொடங்கினார். தங்கை திரும்பினார். "அண்ணா, அழாத. அழ வேண்டியது நான். எனக்கே இப்ப நேரம் இல்ல."

அந்தப் பெண்ணை அந்த நொடியே எனக்குப் பிடித்துப்போயிற்று.

எழுத்தர் பேனாவை எடுத்தார். "சரி. எந்த ஸ்டேஷனுக்கும் எந்த ஸ்டேஷனுக்கும் நடுவுல போச்சு? ஆத்துப் பாலத்துக்கு முன்னாடியா, அப்புறமா? பாலத்துக்கு அந்தப் பக்கம்னா நம்ம எல்லை இல்ல. அங்கதான் போய்க் குடுக்கணும்."

"சார், திருடன் பாலத்த பாத்து எடுக்கல" என்றார் தங்கை.

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

என் பொறுமை அறுந்தது. "முறை இருக்குதான். எந்த ஸ்டேஷன்ல வந்து அழுதாலும் அங்க எழுதிக்கணும்கறதுதான் முறை. எழுதிட்டு அப்புறம் எல்லையைத் தேடுங்க. எழுதுங்க" என்றேன். எழுதினார். நீங்களும் நினைவில் வையுங்கள். பொருள் போனால் வீடு போய்ச் சேர்ந்து, குளித்து, உண்டு, உறவினரிடம் ஆலோசித்து, மறுநாள் வந்து சொல்லாதீர்கள். வண்டி நிற்கிற அடுத்த நிலையத்தில் சொல்லுங்கள். எல்லை கேட்டால் எதிர்த்துக் கேளுங்கள்.

"அந்த ஆள் ஏதாவது விட்டுட்டுப் போனாரா?" என்று கடைசியாகக் கேட்டேன்.

தங்கை மடியிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேசையில் வைத்தார். காற்று ஊதுகிற தலையணை. சாம்பல் நிறம்.

"இதுதான் மேடம். எனக்குக் கழுத்து வலிக்குமேன்னு குடுத்தாரு."

ஓரமாய் நின்றிருந்த எங்கள் ஏட்டையா அதைக் கையில் எடுத்தார். ஒரு முறை அமுக்கினார். ஒரு முறை முகர்ந்தார். "நம்ம தலையணைதான் மேடம்" என்றார்.

தலையணை என்பது பொருளின் பெயரல்ல, ஆளின் பட்டப்பெயர். தூங்கும் பயணிக்குத் தலையணை கொடுப்பான். நல்ல தூக்கம் வரும். விழித்தால் தலையணை இருக்கும், மற்றது இருக்காது. விரல்ரேகை பார்க்கும் கலை வருவதற்கு முன்பே காவலர்கள் கள்ளனை அவன் கைவரிசையால் அடையாளம் கண்டார்கள் என்று அந்த மூலைப் படத்தின் கீழே எழுதியிருக்கிறார்களே, அது பொய்யில்லை. ஏட்டையா அந்தப் பள்ளியில் படித்தவர்.

"வேலை முடிஞ்சதும் ஷேவிங் பண்ணிக்குவான் மேடம். மூஞ்சி மாறணும்ல. எதுத்த தெருவுல ஒரு கடை."

போனோம். குறுகலான கடை. இரண்டு கண்ணாடி, ஒரு நாற்காலி, வானொலியில் செய்தி. நாற்காலியில் சாய்ந்திருந்தவர் முகமெல்லாம் வெள்ளை நுரை. ஏட்டையா பின்னால் நின்று தலையணையை அவர் கழுத்துக்கு அடியில் மெல்லச் செருகினார்.

கண் திறந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தது. "வணக்கம் மேடம்" என்றது நுரை.

"மேடம், ஒரு பக்கம் முடிச்சுட்டேன். இன்னொரு பக்கம் முடிச்சுடட்டுமா?" என்றார் கடைக்காரர். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். பாதி முகத்தோடு வந்தான்.

"பை எங்க?"

தலையணை பெருமூச்சு விட்டான். அவனுக்கும் எரிச்சல்! அவன்தான் ஏமாந்தவன்போலப் பேசினான். "கேமரான்னு நெனச்சேன் மேடம். அந்த ஆளு அவ்வளவு பெருமை பேசினாரு. வேற பெட்டிக்கு மாறி வந்து, இங்க எறங்கி பாத்ரூம்ல போய்த் தெறந்தா ஒத்தக் கால்! இத நான் யாருகிட்ட விக்கிறது? கையில வச்சிருந்தா மாட்டிக்குவேன். எதுர் பிளாட்பாரத்துல கடற்கரை போற பாசஞ்சர் நின்னுச்சு. மேல பலகையில வச்சுட்டு வந்துட்டேன்."

"திருப்பிக் குடுக்கணும்னு தோணலையா?"

"குடுக்கலாம்னுதான் நெனச்சேன். ஆனா அவங்க அண்ணன் ரொம்பப் பேசுவாரு மேடம்."

அவன் சிறைக்குப் போனான். அது அவன் கதை. பை கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அது நம் கதை.

தொலைபேசியை எடுத்தேன். முதல் நிலையம்: "வண்டி இப்பதான் கெளம்புச்சு மேடம், இனி எங்க எல்லை இல்ல." அடுத்த நிலையம்: "எழுத்து மூலமா அனுப்புங்க மேடம், பாக்கலாம்." அதற்கடுத்த நிலையம்: "கால்னா, எந்தக் கால்?" எனக்கு வந்த கோபத்தில் தொலைபேசியே உருகியிருக்க வேண்டும். எத்தனை படங்கள் சுவரில் மாட்டி என்ன? எத்தனை நூற்றாண்டு வரலாறு இருந்து என்ன? ஓடுகிற வண்டியில் ஒரு பெண்ணின் கால் போய்க்கொண்டிருக்கிறது. நாங்கள் பாலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்!

கடைசியில் என்னோடு பயிற்சி பெற்ற தோழி ஒருத்தி அந்தத் தடத்தில் பணியில் இருப்பது நினைவுக்கு வந்தது. அவளும் மூக்கில் தொப்பி உட்கார்ந்தவள்தான். சொன்னேன். "என்ன கலர் பை?" என்று மட்டும் கேட்டாள். எல்லை கேட்கவில்லை. வண்டி வந்து நின்றதும் ஏறிவிட்டாள்.

பெட்டி பெட்டியாய்ப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். பலகையில் இல்லை. இருக்கைக்கு அடியில் இல்லை. ஒரு பெட்டியின் ஓரத்தில், சன்னலோரமாய், ஒரு பெண்மணி அந்த நீண்ட கறுப்புப் பையை மடியில் படுக்க வைத்து, இரு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சலவைக்கடை நடத்துகிறவர். அவர்கள் பேசியதைத் தோழி சொன்னபடியே சொல்கிறேன்.

"இது உங்களுதா?"

"இல்ல."

"யாருது?"

"தெரியாது. மேல தனியா கெடந்துச்சு. பெட்டி பூராவும் கேட்டேன். ஒருத்தரும் ஆமான்னு சொல்லல, ஒருத்தரும் ஏன்னும் கேக்கல. எவனாவது எடுத்துட்டுப் போயிடக் கூடாதேன்னு நான் வச்சிருக்கேன். எறங்கறப்போ ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட குடுப்பேன்."

"எங்கிட்ட குடுங்க."

"நீங்க யாரு?"

"போலீஸ். சட்டய பாத்தா தெரியலையா?"

"சட்டயா? நான் காக்கிச் சட்ட தொவைக்கிறவ. எங் கடையில அலமாரி நெறையத் தொங்குது. மாட்டிக்கிட்டா நானும் போலீஸ். சட்டய காட்டாதீங்க, கார்ட காட்டுங்க."

தோழி அட்டையைக் காட்டினாள். அந்த அம்மா முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதோடு விட்டாரா?

"உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க. சரியா சொன்னா தர்றேன்."

"கால்."

பெட்டியே சிரித்துவிட்டது. அந்த அம்மா சிரிக்கவில்லை. பையின் வாயைக் கொஞ்சமாய்த் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார். பிறகு, "ஐயோ, இது இல்லாம அந்தப் புள்ள எங்க ஒக்காந்து தவிக்குதோ" என்றார். கொடுக்கும்போதும் கையை உடனே எடுக்கவில்லை. "நீங்க ஒத்தையாவா கொண்டு போறீங்க? வழியில தூங்கிடாதீங்க" என்றார், காவல் அதிகாரியிடம்!

பெருமக்களே! பண்பாளர்களே! அந்தப் பெட்டியில் எத்தனை பேர் இருந்தார்கள்? எத்தனை கண்கள் அந்தப் பையைப் பார்த்தன? நமக்கென்ன என்று நகர்ந்த கண்கள் எத்தனை? வம்பெதற்கு என்று திரும்பிய முகங்கள் எத்தனை? கேள்வி கேட்டவர் ஒருவர். ஒரே ஒருவர்! என்னை யார் காவல்காரர் என்று கேட்டால், இந்தச் சுவரில் உள்ள எவரையும் நான் காட்ட மாட்டேன். ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணின் பொருளை மடியில் கிடத்தி, சீருடையையே சந்தேகித்து, சரியான விடை வந்த பிறகே கை தளர்த்திய அந்தச் சலவைக்கடை அம்மாவைக் காட்டுவேன்! கம்பும் விளக்கும் பிடித்த காலத்திலிருந்து காவல் என்றால் அதுதான். கண் விழித்திருப்பது. கேள்வி கேட்பது. கை விடாதிருப்பது!

தோழி தூங்கவில்லை. பொழுது விடியும்போது முதல் வண்டியில் வந்து இறங்கினாள். தங்கை நடைமேடையிலேயே காத்திருந்தார். பையைத் திறந்தார், காலைத் தடவிப் பார்த்தார், கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அண்ணன் பின்னால் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அண்ணா, ஒண்ணும் பேசாத. ஆட்டோ கூப்பிடு" என்றார். நானும் கூடப் போனேன். விடுப்பு எடுக்கவில்லை. சான்றுப் பொருளுக்குப் பாதுகாப்பு என்று எழுதிவிட்டுப் போனேன்.

திடல். சுண்ணாம்புக் கோடுகள். காலை வெயில். அந்தப் பெண் புல்லில் உட்கார்ந்து காலை மாற்றிக்கொண்டார். எழுந்து நின்றபோது, முந்தைய நாள் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தவர் இவர்தானா என்று தோன்றியது. வில்லில் நின்ற அம்பு போல நின்றார். வேட்டுச் சத்தம் கேட்டது. ஓடினார்.

என்ன, ஜெயித்தாரா என்று கேட்கிறீர்களா? முன்வரிசையே எழுந்து நிற்கிறதே! உட்காருங்கள்.

தோற்றார்.

இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இவர் மூன்றாவதாய் வந்தார். அண்ணன் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நேற்று என்னாலதான் தூக்கம் போச்சு, என்னாலதான் தெம்பு போச்சு என்று புலம்பினார். எனக்கும் இத்தனையும் இதற்காகவா என்று ஒரு கசப்பு. அந்தப் பெண் மூச்சு வாங்க, வியர்வை வழிய எங்களிடம் வந்தார். அவர் முகத்தில் அழுகை இல்லை. எங்கள் இருவரையும் பார்த்து அவருக்குச் சலிப்புத்தான் வந்தது.

"ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? தோத்தேன். தூக்கம் கெட்டதால இல்ல. வளைவுல திரும்பறப்போ எடத்த விட்டுட்டேன், அதனால தோத்தேன். அது என் தப்பு, நான் சரி பண்ணிக்குவேன். ஆனா ஓடித் தோத்தேன் மேடம். பை கெடைக்காமப் போயிருந்தா நான் தோத்திருக்கவே மாட்டேன். ஏன்னா ஓடியே இருக்க மாட்டேன்."

அன்னையரே, ஐயன்மீர், இதுதான் என் பணிக்காலம் முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே பாடம்! திருட்டு என்றால் பொருள் போவது என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. இல்லை. இல்லவே இல்லை. ஒருவர் பெட்டியில் இருப்பது துணியல்ல, அவர் போய்ச் சேர வேண்டிய நாளைய பொழுது. நேர்காணலுக்குப் போகிறவரின் சான்றிதழில் அவருடைய வெற்றி இருக்கிறது, அவருடைய தோல்வியும் இருக்கிறது. மருத்துவமனைக்குப் போகிறவரின் கைப்பையில் அவருடைய மருந்து இருக்கிறது, மருந்தோடு மன்றாட்டும் இருக்கிறது. திருடன் அதைத் தூக்கும்போது, ஜெயிக்கும் வாய்ப்பை மட்டுமா எடுக்கிறான்? தோற்கும் உரிமையையும் எடுத்துக்கொண்டு போகிறான்! அந்த உரிமையை, அடுத்த இருக்கையில் அன்பாகப் பேசினார் என்பதற்காக, அரை நிமிடத் தேநீருக்காக, நீங்களாகவே எடுத்து நீட்டுவீர்களா? நீட்டுவீர்களா?

பூட்டுங்கள். பூட்டோடு பிணையுங்கள். பை வாரை உங்கள் காலில் சுற்றிக்கொண்டு உறங்குங்கள். வாய் பேசட்டும், வீட்டு விவரம் பேசாதிருக்கட்டும். இனாமாய் வந்த தலையணையை இன்முகத்தோடு மறுத்துவிடுங்கள். அடுத்தவர் பை அநாதையாய்க் கிடந்தால் அதட்டிக் கேளுங்கள். சீருடை கேட்டாலும் அடையாளச் சீட்டைக் கேளுங்கள். அதற்காக எந்தக் காவலர் முகம் சுளித்தாலும், ஒரு பழைய ஆய்வாளர் சொல்லித்தான் கேட்கிறேன் என்று என் தலையில் பழியைப் போடுங்கள்.

என்னம்மா? அந்தப் பெண் பிறகு என்ன ஆனாரா? அடுத்த ஆண்டும் ஓடினார், அடுத்த ஆண்டும் தோற்றார். அதற்கும் அடுத்த ஆண்டு வென்றார். மூன்று முறையும் அவரேதான் ஓடினார்.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், என் எரிச்சலையும் ஏற்றுக்கொண்டு கை தட்டிய பெரியோருக்கும், கேள்வி கேட்டுக் கேட்டு என்னைத் தூங்கவிடாத தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அவரவர் வண்டி அவரவரை அவரவர் இடத்தில் சேர்க்கட்டும். எடுத்துப் போனதை எல்லாம் எடுத்துப் போனபடியே கொண்டு சேருங்கள். வாழிய நலம்! வணக்கம்!